லேகியத்துக்கு எடம் உண்டா?

மஸ்கட்டில் இருக்கும் என் மகளுக்குக் குழந்தை பிறந்ததும், உதவிக்கு நான் புறப்பட்டேன். பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்தே கட்டணம் வாங்கும் விமானம் ஒன்று இருந்தது. என் கணவரோ மலிவான வேறொன்றில் பதிவு செய்துவிட்டு, "பாதி வெலையாக்கும்!" என்று எங்கள் ஊரான பாறசாலை முழுக்கச் சொல்லித் திரிந்தார். அதில் ஏழு கிலோ கைப்பைக்கு மட்டுமே அனுமதி. நானும் சேலைகளைக் குறைத்துக்கொண்டு, நெய்யாற்றின்கரை வைத்தியரிடம் வாங்கிய பேறுகால லேகியத்தைப் பைக்குள் பத்திரமாக வைத்தேன்.

திருவனந்தபுரம் விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண் பைக்குள் என்ன என்று கேட்டாள். சொன்னேன். "சேச்சி, லேகியம் கையில கொண்டு போகான் பற்றில்ல. லக்கேஜில இடணும்" என்றாள். கைப்பையில் கூடாதாம்; லக்கேஜில் போடத் தனிக் கட்டணமாம். கவுண்டர் மூடும் நேரமும் நெருங்கிவிட்டது. பதறிப்போய், வெளியே நின்ற கணவரைப் போனில் அழைத்தேன்.

"பைசா போனா போட்டு. மருந்து மகளுக்குப் போய்ச் சேரணும்" என்று சொல்லி, அங்கிருந்தே போனில் பணம் கட்டினார்.

எல்லாவற்றையும் கூட்டினால் அந்த முதல் விமானத்தின் கட்டணத்தையே தாண்டியிருந்தது. போதாக்குறைக்கு, விமானத்தில் சாயாவையும் காசு கொடுத்தே குடித்தேன். ஆனாலும் மறுநாள் மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு லேகியத்தை விழுங்கியபோது எனக்கு உயிர் வந்தது.

அடுத்த மாதம் மகளும் பேத்தியும் ஊருக்கு வருகிறார்கள். நேற்று கணவர் அவர்களுக்கான டிக்கெட்டைப் போனில் காட்டி, "பாதி வெலை..." என்று தொடங்கினார்.

"லேகியத்துக்கு எடம் உண்டா?" என்றேன்.

சிரித்துக்கொண்டே பெட்டி, சாப்பாடு, இருக்கை என்று முதலிலிருந்து கூட்ட ஆரம்பித்தார்.