ஓருடலில் சேராத குரல்

குழாயைத் திறந்தாலே போதும், பேராசிரியர் பாபநாசத்துக்கு அந்தக் குரல் கேட்டுவிடும். “அண்ணாச்சி!” தொண்ணூற்றிரண்டாம் வருஷத்துத் தாமிரபரணி வெள்ளத்தன்று காலையில், கொக்கிரகுளத்து வீட்டு மாடியில் நின்றபோது கீழே தண்ணீரிலிருந்து கேட்ட பெண்குரல். முகம் தெரியவில்லை. அவர் கையில் துணி உலர்த்தும் கொடிக்கயிறு இருந்தது. பயத்தில் அவர் இறங்கவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டது. மூன்றாம் முறை இல்லை.

பாளையங்கோட்டையில் கல்லூரி ஒன்றில் தத்துவம் நடத்துகிறவர் அவர். புதுக்கன்பூசியம் பற்றிய முனைவர் பட்ட ஆய்வை வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்தார். மனிதனும் மலையும் புல்லும் ஓருடல் என்று அந்தச் சீனத்து ஞானிகள் சொன்னது, பாவம், அவர் ஒண்டிக்கொள்ள இடமாயிற்று. எல்லாம் ஓருடல் என்றால் அவளும் நாம்தானே? ஆடி அமாவாசைதோறும் தாமிரபரணியில் தம் முன்னோரோடு அவளையும் தம் சிவகோத்திரத்தில் சேர்த்து எள்ளும் தண்ணீரும் விட்டார். குரல் நிற்கவில்லை.

அப்போது நெல்லையில் டீக்கடை வரை பின்நவீனத்துவம் அடிபட்டது. நெறியாளர் சும்மா விடுவாரா? மற்றமை பற்றி ஓர் இயல் கேட்டார். அடுத்தவரை நமக்குள் கரைத்துவிட முடியாது, அவர் வெளியே நின்றே நம்மைக் கூப்பிடுவார் என்கிற கட்சி அது. பாபநாசம் அதையும் சாமர்த்தியமாக வளைத்தார். வெள்ளத்தையும் கோத்திரத்தில் சேர்த்துவிட்ட தர்ப்பணத்தையும் முன்னுரையில் சொல்லி, ‘இறங்க வழியில்லை, இன்று அவள் எனக்கு அயலாள் இல்லை’ என்று முடித்தார். படிக்க அழகாகத்தான் இருந்தது.

ஆய்வேட்டைத் தட்டச்சு செய்தவர் மேலப்பாளையம் ஹாஜா. அந்த இடம் வந்ததும் கையை எடுத்துவிட்டார்.

“சார், இது எங்கன நடந்துச்சு?”

“எங்க வீட்டுக்குக் கீழதான். ஏன் பாய்?”

“எந் தங்கச்சி சுபைதா உங்க தெருவுலதான் சேலை விப்பா. அன்னிக்குக் காலையில போனவ. அடக்கம் பண்ண மய்யித்துகூடக் கிடைக்கல.”

ஹாஜா தாளில் அந்த வரியைத் தொட்டார்.

“அவளையா உங்க கோத்திரத்துல சேத்தீங்க? அவளுக்கு நாங்க இருக்கோமே சார். அஞ்சு வருஷமா தேடுதோம்.” பிறகு பையக் கேட்டார். “என்னன்னு கூப்பிட்டா?”

“அண்ணாச்சின்னு.”

“எங்க வீட்டுல அண்ணனைக் ‘காக்கா’ன்னுதான் கூப்பிடுவோம். அப்ப அவ என்னையக் கூப்பிடல. உங்களைத்தான் கூப்பிட்டிருக்கா.”

பாபநாசம் சொன்னார்: “கோத்திரத்தை எடுத்துருங்க பாய். வழியில்லைங்கிறதையும் எடுத்துருங்க. கயிறு இருந்துச்சு, நான் இறங்கலைன்னு அடிங்க.”

ஹாஜா புதுத்தாள் ஒன்றைச் செருகினார். விரலை வைத்தார். தட்டவில்லை.

“நீங்களே அடிங்க சார்” என்று எழுந்து வெளியே போனார்.

பாபநாசத்துக்குத் தட்டச்சு தெரியாது. ஒற்றை விரலால் முதல் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.