விண்வெளிக் கதையும் உறைந்த பாலும்

இறப்பர் பாலின் புளித்த வாடை எங்கேயாவது மூக்கில் பட்டால் எனக்கு உடனே விண்வெளிதான் ஞாபகத்துக்கு வரும், சிரிக்காதீர்கள்.

இலங்கையில் கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில் நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது, விஞ்ஞான டீச்சர் பிள்ளைகளுக்கான துப்பறியும் நாவலொன்றை இரவல் தந்திருந்தார். பூமியைச் சுற்றும் விண்கலத்தில் காற்று நாளுக்கு நாள் குறைகிறது; யார் செய்த வேலையென்று கப்டனின் மகள் தேடுகிறாள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் கதையென்றால் உயிர். மழை பெய்தால் இறப்பர் மரத்தைக் கீறிப் பாலெடுக்கும் 'பால்வெட்டு' கிடையாது, அம்மா லயத்து வீட்டிலேயே இருப்பார், அன்றைக்கு நான் வாசிப்பேன். "நான் இல்லாம ஒரு பக்கம் திருப்பக் கூடாது" என்பது கட்டளை. குற்றவாளி கப்டன்தான் என்று அவர் முதல் நாளே தீர்ப்புச் சொல்லியாயிற்று: "காத்து ரூம் சாவி அவன்கிட்டதானே இருக்கு?"

கடைசி அத்தியாயம் மிச்சமிருக்க, மழை விட்டு வானம் வெளுத்துவிட்டது. அம்மா விடியலிலேயே மலைக்குப் போய்விட்டார். டீச்சரோ விடுமுறைக்கு மத்தியான பஸ்ஸில் ஊருக்குப் போகிறார். புத்தகமும் அவரோடு போகிறது. அம்மாவை முடிவு தெரியாமல் தவிக்கவிட எனக்கு மனம் வரவில்லை, மலைக்கு ஓடினேன். மரப்பட்டைகளைக் கீறிவிட்டு, சிரட்டைகளில் பால் வடியும்வரை பெண்கள் ரொட்டி தின்று காத்திருக்கும் நேரம் அது. முன்கதையை அம்மாவே கைகளை ஆட்டி ஆட்டி எல்லோருக்கும் சொல்லிமுடிக்க, நான் வாசிக்கத் தொடங்கினேன்.

திருடன் யாருமே இல்லை. கலத்துக்குக் காற்றுத் தந்தது ஒரு தொட்டிப் பாசி. வெயிலில் கண் கூசுகிறதென்று கிழவர் ஒருவர் சன்னல் திரையை மூடிவிட, வெளிச்சமில்லாத பாசி காற்றுத் தருவதை நிறுத்திவிட்டது.

"ஐயோ, அந்தக் கப்டனப் போயி சந்தேகப்பட்டுட்டேனே!" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தெரயத் தொறந்தாங்களா இல்லையா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பார்த்தால், மரத்தில் சாய்ந்தபடி, வேலையை மேற்பார்க்கும் கங்காணி! மிச்சத்தையும் வாசித்தேன்: திரையைத் திறந்தார்கள், கப்டனின் மகள் நன்றாக மூச்சு விட்டாள்.

அப்போதுதான் எல்லோருக்கும் சிரட்டை ஞாபகம் வந்தது. எடுக்கும் நேரம் தாண்டி, பாதிப் பால் கட்டியாக உறைந்திருந்தது. அன்றைக்கு எல்லோருக்கும் 'அரைப்பேர்'தான், அதாவது பாதிச் சம்பளம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பால் நாளைக்கும் வரும்டி. அந்தப் பிள்ளைக்கு மூச்சு வந்திருச்சில்ல!" என்று அம்மா ஒரு துண்டு ரொட்டியை என் கையில் வைத்தார்.

இப்போது அந்த மலை முழுக்க, இறப்பருக்குப் பதில், முள்தேங்காய் என்கிற எண்ணெய்ப் பனை மரங்கள். லயங்களில் பாதி பூட்டிக் கிடக்கின்றன, அம்மாவும் இல்லை. எத்தனையோ துப்பறியும் கதைகள் படித்துவிட்டேன், அவற்றைப் படித்தவர்களோடு பேசியும் இருக்கிறேன். ஒரு கதையின் முடிவுக்காக அரைநாள் கூலியைச் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்த இன்னொரு வாசகியை மட்டும் நான் பார்க்கவேயில்லை.