கயிற்றின் கீழ் முனை

மூன்று குளிர்காலங்களுக்கு முன்பு, புருலியா பக்கம் ஒரு மலை உச்சியில் நடந்தது இது. இப்போது கொல்கத்தாவில், டாக்குரியா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எழுதும்போதும் இடது மணிக்கட்டு லேசாக வலிக்கிறது. மழைக்கு முன்னால் இப்படித்தான் வலிக்கும். வானிலை அறிக்கை எனக்குத் தேவையில்லை.

அதற்கு முந்தைய வருடம் என் கணவருக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். இரண்டு மாதத்தில் அவர் கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டார். நான்தான் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து திரும்பவே இல்லை. குளியலறையில் அவர் ஐந்து நிமிடம் அதிகம் இருந்தால் கதவைத் தட்டுவேன். தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்க வேண்டிய மாத்திரை என் கைப்பையில் இருந்தது. குப்பை கொட்டப் போனாலும் அந்தப் பை தோளில் தொங்கும்.

"என் நெஞ்சுக்கு ரெண்டு காவல். ஒண்ணு ஸ்டென்ட், இன்னொண்ணு நீ. ஸ்டென்ட்டாவது பேசாம இருக்கு" என்பார்.

எங்கள் மாடி வீட்டில் ஒரு வங்காளி அக்கா இருக்கிறார். எல்லோருக்கும் அவர் தீதி. பூகோள டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வெப்பக்காற்று பலூன் விடும் ஒரு சின்னக் குழுவில் அவரும் உண்டு. அந்தக் குழுவைத் தொடங்கியவர் பலூன் என்றால் பிறந்தநாள் பலூன் மட்டுமே தெரிந்த காலத்தில், தானே துணி தைத்து மேலே போனவராம். அவர் மனைவி ஒருமுறைகூடக் கூடையில் ஏறியதில்லை. கீழே கயிற்றைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, காற்று கொண்டுபோகும் திசையில் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போய், அவர் இறங்கும் வயலில் காத்திருப்பாராம். இருவரும் காலமான பிறகு, அவர்கள் வழக்கமாகப் பலூன் ஏற்றும் மலை உச்சியில் நண்பர்கள் ஒரு நினைவுக்கல் நட்டார்கள். வருடத்துக்கு ஒருநாள் அங்கே கூடுவார்கள். அந்த வருடம் தீதி எங்களையும் அழைத்தார். நான் மூன்று காரணம் சொல்லி மறுத்தேன். என் கணவர் ஒரே வார்த்தையில் சரி என்றுவிட்டார்.

முதல் நாளே போய் அடிவாரத்தில் தங்கி, விடியும் முன் ஜீப்பில் மேலே ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். உச்சியில் புல்வெளி. அதன் ஓரத்தில் இடுப்பு உயரக் கல். ஒரு பக்கம் பலூன் செதுக்கியிருந்தது. மறுபக்கம் விரல்களை விரித்த இரண்டு உள்ளங்கைகள். ஆசீர்வாதம் போலிருக்கிறது என்று நினைத்துக் கும்பிட்டுக்கொண்டேன்.

அன்றைக்கு அங்கே ஒரு வழக்கம். பலூனை மூன்று ஜீப்புகளில் கட்டி, நாலு மாடி உயரம் மட்டும் ஏற்றி இறக்குவார்கள். ஜோடியாக வந்தவர்களில் ஒருவர், பலூன் ஓட்டுபவரோடு கூடையில் ஏற வேண்டும். மற்றவர் கீழே, கூடை சாயாமல் இறங்குவதற்காகத் தொங்கவிடும் கயிற்றை நாலு பேரோடு சேர்ந்து பிடிக்க வேண்டும். தீதி எனக்கு ஒரே விதிதான் சொன்னார். குதிகால் தரையை விட்டு எழும்பினால் அந்த நொடியே கயிற்றை விட்டுவிட வேண்டும், யோசிக்கக்கூடாது. தலையாட்டினேன். என் காது அப்போது இவர் மூச்சில் இருந்தது.

நெருப்பு உறுமியது. கூடை எழும்பியது. இவர் பள்ளிக்கூடப் பையனைப் போலச் சிரித்துக்கொண்டு மேலே போனார். கூடை மூன்றாவது மாடி உயரத்துக்குப் போனபோதுதான் தோளில் பை கனத்தது. மாத்திரை என்னிடம். நெஞ்சு மேலே.

அந்த இரண்டு நிமிடத்தை என்னால் விவரிக்க முடியாது. அவர் கை எங்கே போகிறது, நெஞ்சுக்கா, கூடை விளிம்புக்கா என்று கழுத்து வலிக்கப் பார்த்தேன். பலூன் இறங்கத் தொடங்கியதும் எல்லோருக்கும் முன்னால் ஓடிக் கயிற்றைப் பிடித்தேன். பிடித்தேன் என்பதைவிட, மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டேன் என்பதுதான் உண்மை. அது செய்யவே கூடாத காரியம் என்று பிற்பாடு தெரிந்தது.

கூடை தலைக்கு மேல் வந்தபோது பள்ளத்தாக்கிலிருந்து ஒரு காற்று ஏறி வந்தது. இறங்கும்போது ஜீப் கயிறுகள் தளர்ந்திருந்தன. பலூன் பக்கவாட்டில் சரிந்து மறுபடி எழும்பியது. நாலு பேரும் விதிப்படி கயிற்றை விட்டார்கள். நான் விடவில்லை.

காலுக்கடியில் புல் இல்லை. முதலில் முழங்கால் உயரம், பிறகு ஓர் ஆள் உயரம். பலூன் சரிவின் பக்கம் நகர நகர, நான் ஏறாமலேயே தரை எனக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனது. "சாடோ, சாடோ" என்று தீதியின் குரல். விடு, விடு என்று அர்த்தம். எனக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை. நான் விட்டால் அவர் போய்விடுவார் என்று அது நம்பியது.

மேலேயிருந்து இவர் குனிந்தார். கத்தவில்லை. காய்கறி வாங்கப் போகும்போது பேசும் அதே குரல்.

"மூணு கயிறு கட்டியிருக்கு, நான் எங்கயும் போகல. நீதான் போயிட்டிருக்க. கையை விடு."

கயிற்றின் சுற்று தோலை உரித்துக்கொண்டு கழன்றது. சரிவில் இருந்த உண்ணிச்செடிப் புதரில் விழுந்தேன். இன்னும் பத்தடி தள்ளியிருந்தால் பாறை.

ஜீப் கயிறுகள் விறைத்துப் பலூனை நிறுத்தின. காற்று ஓய்ந்ததும் மெதுவாக இறக்கினார்கள். இவர் இறங்கி ஓடி வந்தார். ஓடாதீங்க, ஓடாதீங்க என்று புதருக்குள்ளிருந்து நான் கத்திக்கொண்டிருந்தேன். மணிக்கட்டு கோணலாகத் தொங்கியது. என்னைத் தூக்கிக் கல்லின்மீது சாய்த்து உட்காரவைத்தார்கள். நான் நல்ல கையால் பையைத் துழாவி, முதலில் மாத்திரையைப் போட்டுக்கோங்க என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். அதே மாத்திரை. ஓரம் மடங்கிக் கசங்கியிருந்தது.

"எப்போலேர்ந்து?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த நாள்லேர்ந்து. நீ அந்தப் பையைச் சுமந்தாத்தான் உனக்குக் கொஞ்சம் நிம்மதின்னு சொல்லாம விட்டுட்டேன்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஒரு வருடமாக நான் அவரைத் தாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் பயத்தையும் சேர்த்து அவர் தாங்கியிருக்கிறார், ஸ்டென்ட் வைத்த நெஞ்சோடு.

தீதி என் கைக்கு ஒரு குச்சி வைத்துத் துப்பட்டாவால் கட்டினார். என்னைத் திட்டவில்லை. கல்லில் இருந்த உள்ளங்கைகளைக் காட்டி, அது என்ன தெரியுமா என்றார். ஆசீர்வாதம் என்றேன். இல்லையாம். பலூன் ஏறும்போது கீழே நிற்பவர் இரண்டு கைகளையும் விரித்து மேலே காட்ட வேண்டும். கயிறு என்னிடம் இல்லை, நீங்கள் போகலாம் என்று அர்த்தம். குழுவைத் தொடங்கியவரின் மனைவி ஒவ்வொரு முறையும் அப்படிக் காட்டிவிட்டுத்தான் ஜீப்புக்கு ஓடுவாராம். பயமே இருந்திருக்காதா என்று கேட்டேன். ஓட்டுகிற வழியெல்லாம் உதடு நடுங்கும், பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன் என்றார் தீதி.

இப்போது தினமும் காலையில் இவர் ஏரியைச் சுற்றி நடக்கத் தனியாகப் போகிறார். பை உள்ளே ஆணியில் தொங்குகிறது. நான் பால்கனியில் நின்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவேன். கீழேயிருந்து அவர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டிவிட்டுத் தெருமுனையில் திரும்புவார். அவர் திரும்பி வரும்வரை உதடு நடுங்கத்தான் செய்கிறது, ஆனால் நடுங்கிக்கொண்டே கையை விரித்து வைத்திருக்க முடியும் என்பதை அந்த மலையில்தான் தெரிந்துகொண்டேன்.