எங்க நாயில்லீங்க

கமருன்னிசாவுக்குக் கை ஓய்ந்தாலும் ஓயும், கண் ஓயாது. பூனை ஏன் இப்படி உட்காருது, கோழி ஏன் அந்த மூலைக்கே போகுது என்று பார்க்க ஆரம்பித்தாளானால் அடுப்பில் சோறு குழைந்து கஞ்சியாகிவிடும். அறுபத்தொண்ணில் கல்யாணமாகி விருத்தாசலத்துக்கு வந்த நாளிலிருந்தே இந்தக் கூத்துதான். "நீ போலீசுல சேர்ந்திருக்கணும் கமரு. ஊர்ல ஒரு திருடன் தப்ப மாட்டான். என்ன, எனக்குத்தான் சோறு கெடைக்காது" என்பார் புருஷன் ஹிதாயத்துல்லா.

அவருக்கு ஜங்ஷன் ரோட்டில் பீங்கான் கடை. சுற்றியிருக்கிற கம்பெனிகளில் கப்பு, சாசர், ஊறுகாய் ஜாடி எல்லாம் வாங்கி, மரப்பெட்டியில் வைக்கோல் போட்டு அடுக்கி வெளியூருக்கு அனுப்புவார். வாங்கும்போது ஒவ்வொரு கப்பையும் நகத்தால் சுண்டிப் பார்ப்பார். 'டங்' என்றால் நல்ல சரக்கு. 'டொக்' என்றால் விரிசல். கொஞ்சம் கோணலாக, மூக்கு உடைந்ததாக இருப்பதற்கு 'செகண்ட்ஸ்' என்று பேர். அந்த செகண்ட்ஸ்தான் வீட்டுப் புழக்கத்துக்கு வரும்.

முதலில் வந்தது சுல்தான் என்கிற பூனை. திமிர் பிடித்தது. பால் ஊற்றி வைத்தால் உடனே குடிக்காது. சாசரை முன்னங்காலால் ரெண்டு தட்டு தட்டும், அப்புறம்தான் வாயை வைக்கும். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. "பாய் மாதிரியே சுண்டிப் பாக்குது பாரேன்!" என்று பக்கத்து வீட்டுப் பெரியநாயகி விழுந்து விழுந்து சிரித்தாள். கமருன்னிசா சிரிக்கவில்லை. விரிசல் சாசர் ஒன்றில் பாலை ஊற்றி வைத்தாள். சுல்தான் தட்டியது, முகத்தைத் திருப்பிக்கொண்டு போயே போய்விட்டது. மூன்று நாள் வெவ்வேறு சாசரில் வைத்துப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. விரிசலுக்குள் பழைய பால் இறங்கிப் புளித்து நாறுகிறது. தட்டினால் பால் ஆடி வாசம் மேலே வரும், மோந்து பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான் சங்கதி. அன்று அவள் பட்ட சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டுமே, என்னமோ புதையல் எடுத்தவள் மாதிரி!

அப்புறம் பேகம் என்று ஒரு கோழி. அதற்கு முட்டையிட வைக்கோல் பெட்டிதான் வேண்டும், அதுவும் கப்பு அடுக்கின பெட்டி. கடையில் இடமில்லாமல் ஹிதாயத்துல்லா ஒருநாள் நாலு பெட்டியை வீட்டில் இறக்கி வைத்துவிட்டுப் போனார். மறுநாள் ஆணி அடித்து லாரியில் ஏற்றியாகிவிட்டது. பத்து நாள் கழித்து சிதம்பரத்துக் கடைக்காரர் கார்டு போட்டிருந்தார்: 'பன்னிரண்டு கப்பும் ஒரு முட்டையும் வந்து சேர்ந்தன. கப்பில் இரண்டு உடைசல். முட்டை நன்றாக இருந்தது.' இதைப் படித்துவிட்டு ஹிதாயத்துல்லா ஒரு வாரம் கோழியோடு பேசவில்லை.

இதெல்லாம் சரி. நாய்தான் சிக்கல்.

எழுபத்தொண்ணு ஐப்பசி மழையில் தெப்பமாய் நனைந்து வாசலில் வந்து நின்றது. செம்பட்டை நிறம், ஒரு காது பாதி இல்லை. ஹிதாயத்துல்லா அப்போதே கண்டிஷனாகச் சொல்லிவிட்டார். "பூனை இருக்கட்டும், கோழி இருக்கட்டும். இது தொழுகை நடக்கிற வூடு, நாய் ஆகாது. வாசப்படி தாண்டக் கூடாது. பேரு வெக்கக் கூடாது. பேரு வெச்சா நம்ம நாயின்னு ஆயிடும்." அவர்கள் குடும்பத்தில் நாய் வாய் வைத்த பாத்திரத்தையோ, நாய் நக்கின கையையோ ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் முதல் தடவை மண் போட்டு. கமருன்னிசா கம்பெனி மேட்டிலிருந்து வெள்ளை மண் கொண்டுவந்து கிணற்றடியில் ஒரு சட்டியில் வைத்துக்கொண்டாள். வாசப்படிக்கு வெளியே விளிம்பு உடைந்த சாசரில் சோறு வைப்பாள். நாய் கால் எடுத்து உள்ளே வைக்கப் பார்த்தால் "ஊஹூம்!" என்று ஒரு அதட்டல். ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டது. கதவு அகலத் திறந்து கிடந்தாலும் படியில் மோவாயை வைத்துப் படுத்துக்கொள்ளும். ஒரு நகம் தாண்டாது.

யாராவது கேட்டால், "எங்க நாயில்லீங்க. சும்மா வந்து படுத்துக் கெடக்குது" என்பாள். தினம் நாலு பேருக்காவது சொல்லிச் சொல்லி அது வாயில் ஊறிப்போயிருந்தது.

அந்த நாய்க்கு ஒரு விசித்திர குணம். சிலரைக் கண்டால் ஊரைக் கூட்டும், சிலரைக் கண்டால் வாலை ஆட்டும். ஆளைப் பார்த்தா, உடுப்பைப் பார்த்தா என்று ஒரு மாசம் கவனித்தாள். கடைசியில் விடை கிடைத்தது: கையில் பை இருந்தால் குரைக்காது! வெறுங்கையோடு வந்தவன் மாட்டினான். கொழுந்தனார் மங்களூரிலிருந்து கையை வீசிக்கொண்டு வந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அடுத்த தடவை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். "என் அண்ணனே சொல்ல முடியாததை இது சொல்லிக் குடுத்துட்டுதே" என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

ஆனால் ஒன்று மட்டும் அவளுக்குப் பிடிபடவே இல்லை. சரியாகப் பதினோரு மணிக்கு நாய் எழுந்து எங்கேயோ போகும். ரெண்டு மணிக்குத் திரும்பி வரும், முதுகில் ஒட்டின குப்பையோடு. மத்தியானச் சோற்றை மோந்துகூடப் பார்க்காது. எங்கே போகுது? யார் போடுகிறார்கள்? ஒருநாள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பின்னாலேயே போய்ப் பார்த்தாள். தெருமுனையில் அது திரும்பி உட்கார்ந்துகொண்டு அவளையே பார்த்தது. அவள் நகர்ந்தால்தானே அது நகரும்! கால் கடுத்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அதுக்கு வேற குடும்பம் இருக்குது பாயம்மா" என்றாள் பெரியநாயகி.

"இருந்துட்டுப் போவட்டும். எங்க நாயா என்ன?" என்றாள் கமருன்னிசா. சொன்னாளே தவிர, வயிறு எரிந்தது. ராத்திரி சாப்பிடும்போது புருஷன் மேல் பாய்ந்தாள். "நகத்துல பாருங்க, வெள்ள வெள்ளயா மண்ணு. சோறு திங்கற கையா இது?"

"பீங்கான் கடைன்னா மண்ணு இருக்காதா?" என்றார் அவர்.

எழுபத்தி நாலு சித்திரையில் தண்டோரா போட்டார்கள். கழுத்தில் லைசென்ஸ் வில்லை இல்லாத நாயெல்லாம் நாய் பிடிக்கிற வண்டியில் போகும். வண்டியில் போன நாய் திரும்பாது, அது ஊருக்கே தெரியும். கமருன்னிசா அன்று சாயங்காலமே ஆரம்பித்தாள். "ஏங்க, அந்த நாய்க்கு ஒரு வில்லை..."

"எந்த நாயி? நமக்கு ஏது நாயி?" அவர் தலையை நிமிர்த்தவேயில்லை. அவளும் வாயை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டாளே ஒழிய ரெண்டு நாள் தூக்கம் இல்லை.

மூன்றாம் நாள் பதினோரு மணி ஆகப்போகிற நேரம். வண்டி தெருவுக்குள் வந்தே விட்டது. இறங்கின ஆள் கையில் கம்பிச் சுருக்கு, இன்னொரு கையில் கோணிப்பை. பை! பாழாய்ப்போன நாய் பையைப் பார்த்துவிட்டு வாலை ஆட்டிக்கொண்டே எதிரே போனது. சுருக்கு கழுத்தில் விழுந்தது.

"யாரு நாயிம்மா இது?"

"எங்க நாயில்லீங்க" என்றது கமருன்னிசாவின் வாய்.

ரெண்டரை வருஷப் பழக்கம், தானாக வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் அந்த ஆள் இழுக்க ஆரம்பித்தான். நாய் உதறிக்கொண்டு, கம்பியோடு அவனையும் நாலு அடி இழுத்துக்கொண்டு அவளை நோக்கி ஓடி வந்தது. கதவு திறந்துதான் கிடந்தது. ஒரு தாவு தாவினால் வீட்டுக்குள்ளே. வாசப்படிகிட்ட வந்ததும் நின்றுவிட்டது. கழுத்து நெரிபடுகிறது, நாக்கு தள்ளுகிறது, அப்போதும் படியைத் தாண்டவில்லை. அவள் முகத்தைப் பார்த்தது, அதட்டுவாளோ என்று.

"அய்யோ அல்லாவே! விடுங்க! எங்க நாய்தாங்க அது! எங்க நாயி!" என்று கத்திக்கொண்டு படியிறங்கி அதை ரெண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். அது அவள் கையெல்லாம் நக்கியது.

"இப்பதானே இல்லன்னீங்க?"

"பொய் சொன்னேன்!"

அந்த ஆள் சுருக்கைத் தளர்த்தவில்லை. "எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாங்க. உங்க நாயின்னா பேரச் சொல்லிக் கூப்புடுங்க, வருதா பாப்போம்."

பேரா? பூனைக்குப் பேர் வைத்தாள், கோழிக்கு வைத்தாள். இதற்கு ஏது பேர்? கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது தெருமுனையில் சைக்கிள் மணி. ஹிதாயத்துல்லா, கடை நேரத்தில், தொப்பிகூட இல்லாமல், மூச்சு வாங்க மிதித்து வந்தார். சைக்கிளைச் சாய்த்துக்கூட நிறுத்தாமல் அப்படியே கீழே போட்டுவிட்டுக் கூப்பிட்டார்:

"டேய் செகண்ட்ஸு! இங்க வாடா!"

அரைக்காது நிமிர்ந்தது. நாய் கம்பியையும் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அவர் மேல் தாவியது. கை, முழங்கை, சட்டை எல்லாம் ஒரே நக்கல்.

"எங்க நாய்தாம்பா. இன்னிக்கே வில்லை வாங்கிடறேன்" என்றார் அவர். அந்த ஆள் ரெண்டு பேரையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சுருக்கைக் கழற்றினான்.

கமருன்னிசா கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் சேந்தினாள். அவர் பின்னாலேயே வந்து கையை நீட்டினார். அவள் மண் சட்டியைத் தள்ளினாள். அவர் ஒரு பிடி எடுத்து விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று மளமளவென்று தேய்த்தார். தினம் செய்கிறவர்களுக்குத்தான் அந்த வேகம் வரும். கமருன்னிசா அந்த நகத்தையே பார்த்தாள். சுட்ட பீங்கானில் ஏது மண்? கப்பு தொட்டால் கையில் மண் ஒட்டுமா? நாய் முதுகில் ஒட்டியிருந்தது குப்பையா, வைக்கோல் இல்லையா அது?

"எத்தினி நாளா?"

"அந்த மழக்காலத்துலேந்து" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "கடையில பெட்டி வைக்கோல்லதான் படுத்துக்கும். தினம் ஒரு பன்னு. அது கெளம்பற நேரத்துல ரோட்டுல வண்டி போனத பாத்தேன், எனக்கு உசிரே இல்ல கமரு."

"பூனை தட்டுனத கண்டுபுடிச்சேன், பை ரகசியத்த கண்டுபுடிச்சேன். ஒரே வூட்டுல இருந்துக்கிட்டு உங்களக் கண்டுபுடிக்கலியே நானு!"

அவள் தண்ணீரை மொண்டு ஊற்றினாள். ஒண்ணு. ரெண்டு. வாசப்படியில் மோவாயை வைத்துக்கொண்டு செகண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தது. அஞ்சு. ஆறு. ஏழு. இன்னொரு சொம்பு ஊற்றினாள்.

"ஏழுதான் கமரு. எட்டு ஊத்தற."

"எட்டாவது, பொய்க்கு."

அவர் சொம்பை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "அப்ப நீயும் கைய நீட்டு" என்றார்.