பதினேழாம் நம்பர்காரனைப் பொறாமையோடு பார்க்கப் போன சனிக்கிழமை

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இந்தப் பயணம் போனது விளையாட்டுப் பார்க்க அல்ல. ஒரு இருபத்துமூன்று வயதுப் பையனிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கப் போனேன்.

என் மகள் அபி கல்லூரி முதலாம் வருடம். மருந்துக்கடையில் பகுதிநேரம் வேலை செய்து, சிநேகிதியோடு சேர்ந்து எங்கள் நகரத்து ஃபுட்போல் அணியின் ஆட்டங்களுக்குப் பருவம் முழுவதற்கும் இரண்டு இருக்கை எடுத்திருக்கிறாள். ஃபுட்போல் என்றால் நம் ஊரில் காலால் உதைப்போமே, அது இல்லை. தலைக்கவசம் போட்டுக்கொண்டு, முட்டை மாதிரிப் பந்தைக் கையால் எறிந்து, பிடித்தவனை நாலு பேர் சேர்ந்து விழுத்துவது. அந்தப் பந்தை எறிகிறவன்தான் குவார்ட்டர்பாக். முழு ஆட்டமும் அவன் கையில். எங்கள் அணியின் பழைய குவார்ட்டர்பாக்குக்கு ஆவணிக் கடைசியில் முழங்கால் போய்விட்டது. அவனுக்குப் பதிலாக வந்த புதுப் பையன்தான் பதினேழாம் நம்பர். அவன் வந்த பிறகு ஆறு ஆட்டத்தில் ஐந்து தோல்வி.

ஞாயிறு காலை தோசைக்கு முன்னால் அபி அவனுக்காக வக்கீல் மாதிரி வாதாடுவாள். "அப்பா, அவன் றூக்கி. முதல் வருசம். பிழை விட்டுத்தான் பழகோணும். ரைம் குடுக்கோணும்."

இதைச் சொல்வது யார் என்று கவனியுங்கள். கார் பழக்க எனக்கு மூன்று வாரம்தான் தந்தவள்.

அபிக்குக் கார் ஓடப் பழக்கியது நான். வீதிப் பரீட்சையில் இரண்டு தரம் தவறிவிட்டாள். முதல் தரம் காரை ஓரமாகச் சொருகி நிறுத்துவதில். இரண்டாம் தரம் இடப்பக்கம் திரும்பும்போது சந்தி நடுவில் நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு, "அப்பா முன் சீற்றில இருந்தா நான் ஓடமாட்டன்" என்று அறிவித்துவிட்டாள். இப்போது தாயோடுதான் பழகுகிறாள். என் மனைவி பக்கத்தில் இருந்து போனில் சேலை பார்க்கிறாளாம். அதுதான் நல்ல வாத்தியார் வேலையாம். நான் இருந்த காலத்தின் அடையாளம் ஒன்றுதான் மிச்சம்: முன் சீற்றின் கீழே கால்மிதியில் ஓர் ஓட்டை. இல்லாத பிரேக்கை நான் மிதித்து மிதித்து விழுந்தது.

மூன்றாம் பரீட்சை வருகிற செவ்வாய். அதற்குமுன் அந்த முன் சீற்றை எப்படியாவது திரும்பப் பிடிக்கவேண்டும் என்பது என் எண்ணம். போன சனிக்கிழமை சிநேகிதிக்குக் காய்ச்சல் வந்து ஓர் இருக்கை காலியானதும், "நான் வாறன்" என்று பாய்ந்து விழுந்தேன். அபி ஒரு நிபந்தனை போட்டாள். "கார் ஓடுறதைப் பற்றி ஒரு சொல்லுக் கதைச்சாலும் அடுத்த ஸ்ரேசனில இறங்கிடுவன்." ஒப்புக்கொண்டேன்.

இனிப் பயண விபரம். வீட்டிலிருந்து ஸ்ரௌவ்வில் ரயில் நிலையம் 4.2 கிலோமீற்றர். காரை நான்தான் ஓடினேன். கார் நிறுத்தக் காசு இல்லை, ஆனால் பத்து மணிக்குமுன் போனால்தான் நல்ல இடம். சனி, ஞாயிறில் நாள் முழுவதும் எத்தனை தரமும் ஏறி இறங்க ஆளுக்குப் பத்து டொலர். டவுன்டவுனில் கார் நிறுத்த நாற்பது டொலர் கொடுத்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 10.20க்கு ரயில். மேல்தட்டில் இருந்தால் மார்க்கம் பக்கத்து வீட்டுக்காரர் பின்வளவில் என்ன நட்டிருக்கிறார் என்றெல்லாம் தெரியும். 11.31க்கு நகர நடுவில் யூனியன் நிலையம். கோப்பி ஆளுக்கு 3.25. அங்கிருந்து ஏரிக்கரைப் பாதையில் மேற்கே போகும் ரயிலில் ஏறினால் ஏழே நிமிடத்தில் எக்ஸிபிஷன் நிலையம். இறங்கிக் கூட்டத்தோடு நடந்தால் ஸ்ரேடியம். வழி கேட்கத் தேவையில்லை, எல்லோரும் நீலச் சட்டை.

அந்த நீலச் சட்டைகளில் பாதியின் முதுகில் 17. ஐந்து தரம் தோற்றவனுடைய நம்பர்! நானும் இந்த நாட்டில் றூக்கியாக இருந்தவன்தான். முதல் மாரிக் குளிரில் பெட்டி செய்யும் தொழிற்சாலையில், முந்நூறு பீட்சாப் பெட்டியை உள்பக்கம் வெளியே வரும்படி மடித்து அடுக்கினேன். என் பெயரை முதுகில் போட்டுக்கொண்டு ஒருவரும் வரவில்லை. சூப்பர்வைசர் என்னை விளக்குமாறோடு அனுப்பினார்.

எங்கள் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு தமிழர் இருந்தார். என் வயதுதான், அல்லது இரண்டு மூன்று கூட. அபியைக் கண்டதும் கச்சான் பையை நீட்டினார், கோதோடு வறுத்த நிலக்கடலை. அவள் கேட்காமலே கை விட்டு எடுத்து உடைத்துத் தின்னத் தொடங்கினாள்.

"அங்கிள், இது அப்பா."

"ஓ, அந்தக் கார் அப்பாவோ?" என்றார் அவர்.

பெயர் மரியதாஸ். மன்னார்க்காரர், ரெக்ஸ்டேலில் வீடு. பன்னிரண்டு வருடமாக அதே இருக்கையாம். கால்மிதி ஓட்டைவரை அவருக்குத் தெரிந்திருந்தது. கோடை முழுக்க என் மகள் இந்த மனிதரோடு கச்சான் தின்று கதைத்திருக்கிறாள். எனக்கு வீட்டில் கிடைப்பது "ம்", "சரி", "பிறகு". பதினேழாம் நம்பர்மேல் இருந்த பொறாமையில் பாதியை எடுத்து இவருக்குக் கொடுத்தேன்.

ஒரு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. பதினேழு வந்தான். மெலிந்த பையன், கழுத்து நீளம். இரண்டாவது எறியையே எதிரணிக்காரன் நெஞ்சில் கொண்டுபோய்க் கொடுத்தான். நான் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டேன். முழு ஸ்ரேடியமும் "ஓ..." என்று பெருமூச்சு விட்டது. இனிக் கூவுவார்கள், போத்தல் பறக்கும் என்று காத்திருந்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வர, சனம் கை தட்டியது! எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு பெண் எழுந்து நின்றே தட்டினாள். அபியும் தட்டினாள். என் மகளின் உள்ளங்கை அவ்வளவு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது.

"என்னத்துக்குத் தட்டுறீங்கள்? பந்தை மாறிக் குடுத்திட்டு எல்லோ வாறான்?" என்றேன்.

"அது அவனுக்கும் தெரியும்தானே, தம்பி" என்றார் மரியதாஸ், கச்சான் உடைத்தபடி. "நீங்களும் நானும் சொல்லியோ தெரியவேணும்?"

அரை நேரத்தில் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கினேன், 11 டொலர். அபி நாலு துண்டு எடுத்தாள். பிறகும் கை கச்சானுக்கே போனது.

மூன்றாம் கால்பகுதியில்தான் நான் அந்தப் பிழையை விட்டேன். எங்கள் அணி எதிரணியின் கோட்டுக்கு ஐந்து யார், அதாவது ஐந்து கெஜம், தூரத்தில் நின்றது. ஒரே ஒரு நல்ல எறி, முன்னிலை எங்களுக்கு. அந்த நேரம் பார்த்து ஸ்ரேடியம் முழுதும் அமைதியாகிவிட்டது. கொடிக் கம்பத்தில் கயிறு அடிபடும் சத்தம்கூடக் கேட்டது. என்ன சனம் இது, பையனுக்கு உற்சாகம் கொடுக்க ஒரு நாதியும் இல்லையே என்று எனக்கு நெஞ்சு பொங்கியது. நான் பள்ளிக்கூடக் கிரிக்கெட் மைதானத்தில் வளர்ந்த தொண்டை. நம்மாள் மட்டையோடு நின்றால் தகரம் அடித்துக் கத்தித்தான் பழக்கம். எழுந்து நின்றேன்.

"எறியடா தம்பி! இடப்பக்கம்! இடப்பக்கம் ஆள் நிக்கிறான்! எறி! இல்லை, நில்! நில்!"

மைதானத்தில் எங்கள் அணி வரிசையில் நின்ற ஒரு மலை போன்ற ஆள் பந்து வருமுன்னே அசைந்துவிட்டான். நடுவர் மஞ்சள் துணியை எறிந்தார். ஐந்து யார் பின்னால் போகவேண்டும். அபி முகத்தைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டாள். முன்வரிசை முழுதும் திரும்பி என்னைப் பார்த்தது.

மரியதாஸ் என் சட்டையைப் பிடித்து இருத்தினார். "வாயைப் பொத்துங்கோ, ஐயா. இது எங்கட பந்து."

"எங்கட பந்து எண்டபடியால்தானே கத்தினனான்!"

"எங்கட பந்து எண்டா கத்தப்படாது. அவன் பக்கத்தில நிக்கிறவைக்கு என்ன விளையாட்டெண்டு சொல்லோணும். அவன்ர குரல் அவைக்குக் கேக்கோணும். உங்கட குரல் இல்லை."

அடுத்த எறியும் எதிரணிக்காரன் கையில். அந்த மலை அசைந்தது என் சத்தத்தாலா என்று எனக்குத் தெரியாது. அவ்வளவு தூரம் கேட்டிருக்காது என்று மரியதாஸ் சொன்னார். ஆனால் பதினேழு தலை குனிந்து வெளியே வந்தபோது, நான் எழுந்து கை தட்டினேன். பொறாமை போய்விட்டது என்று நினைக்காதீர்கள். தட்டும்போதும் பொறாமையாகத்தான் இருந்தது. இருபதாயிரம் பேர் உனக்காக வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்களே, கொடுத்துவைத்தவனே என்று.

கடைசிக் கால்பகுதியில் எதிரணி பந்தோடு நின்றபோது மரியதாஸ் என் முதுகில் தட்டினார். "இப்ப கத்துங்கோ. இது அவையின்ர பந்து. எழும்புங்கோ, எழும்புங்கோ!"

பதினெட்டு வருடமாக அப்பாவாக இருந்து அடக்கியும் அடக்காமலும் வைத்திருந்ததை எல்லாம் அவிழ்த்துவிட்டேன். அபி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எதிரணிக்காரன் ஒருவன் பந்தைக் கை நழுவ விட்டான். அதற்கு நான்தான் காரணம் என்று முன்வரிசைப் பெண் என் கையைக் குலுக்கினாள். ஆனாலும் நான்கு புள்ளியால் தோற்றோம். மூன்று ஐம்பத்தைந்துக்கு முடிந்தது.

திரும்பும் ரயிலிலும் மேல்தட்டில் இருந்தோம். மார்க்கம் தாண்டியதும் அபி கேட்டாள்.

"அப்பா, ரெண்டாந்தரம் ஃபெயில் விட முதல்நாள், லெஃப்ற் திரும்பேக்க என்ன கத்தினீங்கள் எண்டு ஞாபகம் இருக்கோ?"

நிபந்தனையை அவளே உடைத்துவிட்டாள். "'போ போ' எண்டு சொன்னன்."

"பிறகு?"

"'நில் நில்' எண்டும் சொல்லியிருப்பன்."

"ரெண்டும் ஒரே செக்கனில, அப்பா. ரெஸ்ற் அண்டைக்கு உங்கட இடத்தில எக்ஸாமினர் இருந்தவர். அவர் ஒண்டும் கதைக்கேல்லை. எண்டாலும் எனக்குக் கேட்டது."

ஜன்னலால் யாருடையதோ பின்வளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

5.50க்கு ஸ்ரௌவ்வில். இன்னும் வெளிச்சம் இருந்தது. காருக்குக் கிட்டப் போனதும் அபி கையை நீட்டினாள். கார்த் திறப்பு கேட்கிறாள் என்று விளங்க எனக்குச் சற்று நேரம் எடுத்தது. முன் சீற்றில் ஏறி, வலது காலை மடக்கி அதன்மேலேயே குந்தி இருந்தேன். கால்மிதிக்கு அன்று விடுமுறை.

முதலாவது சந்தியில் நல்லாகத் திரும்பினாள். பிரதான வீதிச் சந்தியில், அதே இடப்பக்கத் திருப்பம். எதிரே கார்கள் வந்துகொண்டே இருந்தன. அவள் நடுவில் நின்றாள். விளக்கு மஞ்சளானது. என் நாக்கை நானே கடித்தேன், சத்தியமாக. பின்னால் ஒரு கறுப்பு வண்டி நீளமாக ஹோர்ன் அடித்தது. நான் ஜன்னலை இறக்கி, தலையை வெளியே போட்டு, ஸ்ரேடியக் குரலில், "பொறடா! பொறுக்க ஏலாதோ உனக்கு?" என்று கத்தினேன்.

"அப்பா!" என்றாள் அபி. எதிர்வரிசை நின்றது. அவள் அளவாகத் திரும்பி முடித்தாள். பிறகு வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அது ஓகே. அது அவன்ர பந்து" என்றாள்.

வீட்டு வாசலில் பச்சைக் குப்பைத்தொட்டியை இடித்து விழுத்தினாள். முட்டைக்கோதும் தேயிலைச் சக்கையும் சிதறின. நான் கை தட்டினேன்.

"ஓவரா நடிக்காதீங்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். திறப்பை என் கையில் தரும்போது, "செவ்வாய்க்கிழமை அம்மாக்கு வேலை. நீங்கள் வாறீங்களோ?" என்றாள். அன்று தனக்கு வேலையே இல்லை என்று மனைவி பிறகு சொன்னாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில சொல். ரயில் இருபது, கோப்பி, பொரியல் எல்லாமாக இரண்டு பேருக்கு 37.50 முடிந்தது, இருக்கைக் காசு இதில் இல்லை. ஏரிக்காற்று ஐப்பசியில் எலும்புக்குள் போகும், தடித்த ஜக்கெற் வேண்டும். கிழக்குப் பக்க இருக்கை என்றால் பின்னேர வெயில் கண்ணில் குத்தும், தொப்பி கொண்டுபோங்கள். கச்சான் கொண்டுவருகிற ஆள் பக்கத்தில் இருந்தால் அவரைப் பகைக்காதீர்கள். எப்போது கத்துவது, எப்போது வாயை மூடுவது என்பதைப் போகுமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் பதினெட்டு வருடம் பிந்தித் தெரிந்துகொண்டேன்.

இன்னுமொன்று. செவ்வாய் காலை பத்து மணிபோல் ஸ்ரௌவ்வில் பிரதான வீதியில், பரீட்சைக்குப் போகும் வழியில் ஒரு வெள்ளிநிறக் கார் இடப்பக்கம் திரும்ப யோசித்துக்கொண்டு நிற்கலாம். முன் சீற்றில் ஒருவர் தன் காலின்மேல் தானே குந்தி, வாயைப் பொத்திக்கொண்டு இருப்பார். பின்னால் நிற்பவர் நீங்களென்றால், தயவுசெய்து ஹோர்ன் அடிக்காதீர்கள். அது எங்கட பந்து.