கேள்விக்குறி போட்ட வீடு

1. மில்காரரின் மகன்

ஜெர்மனியின் எசன் நகர ஆவணக் காப்பகத்தில் முதல் நாள் என் மேசைக்கு வந்த கையெழுத்துப் பிரதியில் ஈர மாவின் மணம் இருந்தது. அல்லது, வாசித்த பிறகு நானே அதை மணந்தேன்.

ரூர் ஆற்றங்கரை மாவு மில்காரர் ஒருவரின் மகன் அமெரிக்காவுக்குப் போகிறான். அங்கே உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையில், அடிமைமுறையைக் காக்க நின்ற படையில், சிப்பாயாகிறான். முதுமையில் எழுதிய நினைவுகள் இவை. ஸ்கேன் செய்து அட்டவணை போடுவது என் வேலை. அட்டவணையில் 'ஆட்கள்' என்றொரு கட்டம் உண்டு. பக்கத்தில் வருகிற எவரையும் விடக்கூடாது. பெயர் இல்லையென்றால் கேள்விக்குறி.

அவன் போரையும் மில்லுக்குள் நின்றே பார்த்தான். புதிய ஊருக்குள் நுழைந்தால் முதலில் ஆற்றின் ஓட்டம், பிறகு மாவின் நிறம். பீரங்கிகள் ஓய்ந்ததை, மில்லின் தண்ணீர்ச் சில்லு சுற்றாமல் நின்ற அமைதி என்று எழுதினான். வாசிக்க வாசிக்க என் ஜன்னலுக்கு வெளியே டிராம் போகவில்லை, தண்ணீர் போனது.

காலைதோறும் 'கோப்பி வந்தது' என்று எழுதியிருந்தான், கோப்பிக் கோப்பை தானாக நடந்து வந்ததுபோல. ஒரே ஓர் இடத்தில் மட்டும், கொண்டுவந்தவன் அதிகாரியின் அடிமை என்றிருந்தது. மாவின் நிறம் நினைவிருந்தவனுக்கு அந்த அடிமையின் பெயர் நினைவில்லை. பக்கத்துக்குப் பக்கம் கேள்விக்குறி போட்டேன்.

2. தச்சரின் மகன்

சனிக்கிழமைகளில் வீட்டில் தமிழ்ப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பேன். அப்போது கையில் இருந்தது யோகண்ணையின் போர் நினைவுகள். இலங்கைப் போரில் ஆயுதமெடுத்த தமிழ் இயக்கத்தில் இருந்தவர், தச்சரின் மகன். அவர் எழுத்தில் எல்லா ஊருக்கும் கதவுகள்தான் முகம். ஓரிடத்தில், 'ஆட்களில்லாத வீடொன்றில் தங்கினோம். வேப்பமரக் கதவு, பித்தளைப் பூட்டு, மேல்சட்டத்தில் பூவேலை' என்றிருந்தது.

காப்பகத்துக் கைப்பழக்கம். 'வீட்டுக்காரர்: ?' என்று ஓரத்தில் தட்டிவிட்டேன். அதை அழிக்க மறந்து ப்ரூஃபை அனுப்பியும் விட்டேன்.

அடுத்த நாளே யோகண்ணை வீட்டுக்கு வந்து நின்றார்.

"என்ன தங்கச்சி இது? புத்தகமோ, பொலிஸ் விசாரணையோ?"

"பிழை என்னிலதான் அண்ணை. அழிச்சு விடுறன்."

"அழி."

கணினி எலியில் கை வைத்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஆரின்ர வீடெண்டு தெரியாதோ அண்ணை?"

மேசை விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"அந்தக் கதவு என்ர அப்பா செய்தது," என்றார். "தெரியாமல் இருக்குமே? ஹனீபா நானா. தையல்காரர். என்ர முதல் நீளக் காற்சட்டை அவர் தைச்சது. முஸ்லிம் சனத்தை ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்னது நாங்கள்தான் பிள்ளை. அடுத்த கிழமை அதே வீட்டில நான் படுத்தன்."

"எழுதுவமோ?"

"எழுதினால் என்ர ஆக்கள் ஒருத்தரும் வெளியீட்டுக்கு வரமாட்டினம். ஹோலும் எடுத்தாச்சு."

கோப்பி போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை. ஆறியபின் சொன்னார்:

"கேள்விக்குறியை எடு. நான் சொல்லச் சொல்ல டைப் அடி."

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எழுதுகிறவர் வளர்ந்த இடம் அவருக்கு ஒரு கண்ணைக் கொடுக்கும். அந்தக் கண் மிகத் துல்லியமாகப் பார்த்த பொருளின் பக்கத்திலேயே ஒரு மனிதர் விடுபட்டு நிற்பார். அவருக்குரிய கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள்.

வெளியீட்டன்று பாதிக் கதிரைகளில் ஆளில்லை. அடுக்கி ஓரமாக வைக்கப் போனேன். யோகண்ணை மேடையிலிருந்து கையைக் காட்டி மறித்தார்.

"விடு தங்கச்சி. அது அப்பிடியே கிடக்கட்டும்."

பிறகு புத்தகத்தை விரித்து, அந்தப் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.