காக்காவுக்குப் போட்ட மாலை

காயல்பட்டினத்தில் கூடப்பிறந்த அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தாஜ் முகம்மது மகள் ஃபஹ்மிதாவும் சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கும் சுஹைலை அப்படித்தான் கூப்பிட்டாள். வாப்பா மவுத்தாகி அடக்கம் செய்த பிறகு வீட்டில் சுஹைல் வைத்ததுதான் சட்டம். அவன் சரி என்றதால்தான் அவள் தினமும் ரயிலேறித் திருநெல்வேலிக்குப் போய்ப் படித்தாள். துணைக்கு ஷம்ஸியா, உம்மா ஹமீது பீவியின் தங்கை மகள், அதே வகுப்பு. ஆண்பிள்ளை இல்லாத வீட்டுப் பெண் என்பதால் அவளுக்கும் சுஹைல்தான் காக்கா. அவளுக்குச் சைக்கிள் பழக்கிவிட்டதே அவன்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஃபஹ்மிதா போனில் பேசி அனுப்பினாள்: "நெய்ச்சோறு ஆக்கிருக்கோம் காக்கா. நீங்க இல்லாம தொண்டயில எறங்க மாட்டேங்கு. எப்ப வருவிய? வாங்க காக்கா."

அது அண்ணனுக்குப் போகவில்லை. விரல் தவறி வகுப்புக் குழுவுக்குப் போய்விட்டது. அறுபத்திரண்டு பேர் இருக்கிற குழு. அவள் பதறி அழிப்பதற்குள் எவனோ எடுத்து வைத்துக்கொண்டான்.

மறுநாள் குழுவில் ஒரு வீடியோ வந்தது. அவள் குரலுக்குப் பின்னால் காக்கை கரைந்தது. வாழையிலையில் சோறு, மதில்மேல் காக்கைக் கூட்டம், நடுவில் அவள் குரல். ரயில் ஆழ்வார்திருநகரியில் நின்றதும் ஏறிய குருபிரசாத், பெட்டிக்கே கேட்கிற மாதிரி, "ஏலே, இன்னைக்கு அமாவாசையாலே? காக்காவுக்குச் சோறு வைக்கா பாரு!" என்றான். பெட்டி முழுக்க "கா, கா". ஷம்ஸியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதை ஃபஹ்மிதா பார்த்தாள். சிரிக்கிறாள்.

ஒரு நாளோடு விடவில்லை. நான்கு வாரம். வருகைப் பதிவில் பேர் கூப்பிட்டால் பின்பெஞ்சு கரையும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் கரையும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாலும் போன் கரைந்தது. வீட்டில் அவள் மூச்சு விடவில்லை. காக்கா காதுக்குப் போனால் படிப்பு நின்றுவிடும்.

ஐந்தாவது வாரம் ஒரு படம் வந்தது. சுஹைல் முகம், சுற்றி மாலை, கீழே 'காக்காவாகிப் பறந்துவிட்டார்'. அது எத்தனையோ கை மாறி, "இது உங்க சுஹைல்தானே?" என்ற கேள்வியோடு ஹமீது பீவி போனுக்கே வந்தது. அந்த வீட்டில் படத்துக்கு மாலை போடும் வழக்கமில்லை. ஆனாலும் மாலைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? "யா அல்லாஹ், எம்புள்ள!" என்று அடுப்படியிலேயே விழுந்தாள். சுஹைல் வேலையில் இருந்தான். மூன்று மணி நேரம் அவன் போன் எடுக்கவில்லை. அதற்குள் தெரு திரண்டு வந்து அழுதது. ஃபஹ்மிதாவுக்குச் சாச்சியான ஷம்ஸியாவின் உம்மாவும் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அழுகைக்கு நடுவே ஃபஹ்மிதா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் ஒரு பச்சைத் துப்பட்டியின் நுனி. சாச்சி வீட்டு நிக்காஹ் அன்று உம்மா போட்டிருந்தது. அந்தப் படத்தை எடுத்தவள் ஷம்ஸியா. வேறு யாரிடமும் அது கிடையாது.

சுஹைல் பேசிய பிறகுதான் உம்மாவுக்கு உயிர் வந்தது. விவரம் கேட்டவன், "படிச்சது போதும். வீட்ல இரி" என்றான்.

"நான் என்ன தப்பு செஞ்சேன்? உங்களக் காக்கான்னு கூப்பிட்டேன். அதுக்கு நான் வீட்ல இருக்கணுமா?"

சுஹைல் குரலைத் தணித்தான். "திங்கக்கெழம காலேஜ்ல போய்க் கேளு. என்ன சொல்லுதாவன்னு பாத்துட்டுச் சொல்லுதேன்."

கல்லூரியில் சித்ரலேகா டீச்சர் விசாரித்தார். "வெளையாட்டுக்குச் செஞ்சோம் மேடம்" என்றான் குருபிரசாத். "படம் குடுத்ததே அவ தங்கச்சிதான்."

ஷம்ஸியா தலையைக் குனிந்தாள். "குடுக்கலன்னா என்னையும் காக்கான்னுருப்பாவ."

"சொந்தக்காரப் பிள்ளைங்களுக்குள்ள கேலி சகஜம்தானம்மா?" என்றார் டீச்சர்.

"கேலின்னா ஒருநாள் கேலி. எனக்கு முப்பத்தஞ்சு நாள். நான் திருப்பிப் பேச முடிஞ்சா கேலி. அங்கன அறுபத்தோரு பேரு, நான் ஒருத்தி. எங்க உம்மா பெத்த புள்ளைக்கு மூணு மணி நேரம் ஒப்பாரி வச்சாவ மேடம். இதுக்கு என்ன பேரு, நீங்களே எழுதுங்க."

டீச்சர் 'துன்புறுத்தல்' என்று எழுதினார். இனிச் செய்ய மாட்டோம் என்று குருபிரசாத்திடமும் ஷம்ஸியாவிடமும் கையெழுத்து வாங்கினார்கள். குழுவைக் கலைத்தார்கள். சாயங்காலமே வேறு பேரில் இன்னொரு குழு ஆரம்பித்துவிட்டதாம், ஃபஹ்மிதா இல்லாமல்.

திரும்பும் ரயிலில் ஷம்ஸியா பையை நகர்த்தி இடம் விட்டாள். ஃபஹ்மிதா எதிர்வரிசையில் போய் உட்கார்ந்தாள். குருபிரசாத் கூட்டம் கதவருகே நின்றது. அவள் போனை எடுத்தாள். இந்தத் தடவை பேரை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் அழுத்தினாள்.

"காக்கா!" பெட்டிக்கே கேட்டது. கதவருகே ஒருவன் கரைந்தான். அவள் இன்னும் குரலை உயர்த்தினாள். "எழுதி வாங்கியாச்சு காக்கா. இன்னமும் ஒருத்தன் கத்துதான், கேக்குதா? கத்தட்டும். நான் நாளைக்கும் போவேன் காக்கா."

"போ" என்றான் சுஹைல். "ஷம்ஸியா பக்கத்துல இருக்காளா? போன அவள்ட்ட குடு."

ஃபஹ்மிதா போனை நீட்டினாள். ஷம்ஸியா கதவருகே நின்றவர்களைப் பார்த்தாள்; கை நீட்டவில்லை. ஆழ்வார்திருநகரி வந்து, குருபிரசாத் கூட்டம் இறங்கிப் போகும்வரை ஃபஹ்மிதா நீட்டிய கையை மடக்கவும் இல்லை.